கழுதையின் கயிறு யார் கையில்

ஆம்ப்ரோஸ் ஓக்கன்டனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. செத்துப்போன கழுதை ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கத்து அந்தக் கிராமத்தின் ஒரே பப்புக்கு ‘மூழ்கிய கழுதை’ என்று பெயர் வந்ததே தன் முப்பாட்டன் அதன் வாசல் குட்டையில் பறிகொடுத்த கழுதையால்தான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். சொல்லுமுன் தொப்பியைக் கழற்றிவிடுவார். சாக்கடை அடைப்பு எடுத்தே ஓய்வுபெற்றவருக்கு வேறு பெருமை கிடையாது.

அந்த வசந்தத்தில் பப்பின் பெயர்ப்பலகை உளுத்து விழுந்தது. புதிது எழுத வந்த ஓவியர், படத்தில் கழுதையின் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று கேட்டார்.

“ஓக்கன்டன் கையில,” என்றார் ஆம்ப்ரோஸ்.

“கழுதை எங்களோடது. உங்காளு இரவல் வாங்கிக் கொன்னுட்டான்,” என்றார் எதிர் மேசை சிட்னி பட்ஜன்.

பப் நடத்தும் ஹெஸ்டர் கோப்பையைத் துடைத்தபடியே சொன்னாள்: “அந்தக் குட்டையிலயா? அதுல வாத்தே நடந்துதான்யா போகுது.”

எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பெயருக்குக் காரணம் இருந்தாக வேண்டுமென்று சட்டமில்லை. ஆனாலும் காரணமில்லாத பெயரின் கீழ் உட்கார்ந்து குடிக்க மனிதனுக்குக் கூசுகிறது.

“நடுவுல ஆழம் இருக்கு,” என்றார் ஆம்ப்ரோஸ்.

ஞாயிறு மதியம், வறுத்த மாட்டிறைச்சி உண்ட கையோடு, ஆழம் பார்க்க எல்லாரும் பீர்க் கோப்பைகளுடன் குட்டைக் கரையில் கூடினார்கள். குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்குப் பாதிரியார் வளர்க்கும் பெட்டூனியா என்ற கழுதையைக் குட்டையில் இறக்கினார்கள். அது நடுவில் போய் நின்று தண்ணீர் குடித்தது. நீர் முழங்காலைத் தொடவில்லை.

“கொஞ்சம் தள்ளிப் போம்மா,” என்று ஆம்ப்ரோஸ் கெஞ்சினார். கழுதை அசையவில்லை.

“கயிறு பட்ஜனுக்குத்தான்,” என்றார் சிட்னி.

ஆம்ப்ரோஸ் பூட்ஸோடு இறங்கினார். கழுதையைத் தாண்டி இரண்டடி வைத்தார். “இதோ, இங்கதான்,” என்று திரும்பியவர் காணாமல் போனார். தொப்பி மட்டும் மிதந்தது. அடியில் இருந்த பாழுங்கிணறு யாருக்கும் நினைவில் இல்லை. சேற்றிலிருந்து நீண்ட கை கழுதையின் கயிற்றைப் பற்றியது. மிரண்ட பெட்டூனியா கரையேறி ஓடியது, ஆம்ப்ரோஸையும் இழுத்துக்கொண்டு.

“ஆழம் இருக்கு, ஒத்துக்கறேன்,” என்றார் சிட்னி. “கழுதை எங்களோடதுதான்.”

ஓவியர் கண்டதை வரைந்தார். கரையில் கழுதை. கயிற்றின் மறுமுனையில், சேற்றுக்கு மேலே, ஓக்கன்டனின் முகம்.

இப்போது புதியவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். ஆம்ப்ரோஸ் முப்பாட்டனிலிருந்து தொடங்குகிறார்.

“போன வசந்தத்துல நடந்ததைச் சொல்லேன்யா,” என்பாள் ஹெஸ்டர்.

“அதை யாரும்மா நம்புவாங்க?” என்று சொல்லிவிட்டு, புதுத் தொப்பியைக் கழற்றுவார்.