பேனா ஓடுகிறதா என்று பார்த்த கோடுகள்

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக் கரைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து கொடுப்பவர் கலீம் பாய். வயது ஐம்பத்து நான்கு. அதில் முப்பது வருடம் மாங்காய்க்கே போய்விட்டது. வலப்பக்கம் சாய்ந்த மாங்காய், இடப்பக்கம் சாய்ந்த மாங்காய், சாயவே மறுத்த மாங்காய் என்று அவர் போடாததில்லை.

கடைக்காரர் ராமராஜன் ஒருநாள் சொல்லிவிட்டார். “பாய், யாருமே பாக்காததா ஒண்ணு குடு. வெள்ளிக்கெழம வரலைன்னா வேற ஆள பாத்துக்கறேன்பா.”

பாய் மூன்று நாள் யோசித்தார். கழுத்துவலி வந்தது, டிசைன் வரவில்லை. கடைசியில் கழுத்தைத் திருப்பிய கிளி ஒன்றை வரைந்து, தாளில் உள்ள டிசைனைத் தறிக்கான அட்டையில் ஓட்டைகளாக அடிக்கும் லோகேஷிடம் கொடுத்தார். தாளின் ஓரத்தில், பேனா ஓடுகிறதா என்று பார்க்க அவர் எப்போதும் இழுக்கும் குறுக்குக் கோடுகள். கிளியைப் பார்த்த லோகேஷ், போன வருடம் அடித்ததுதானே என்று விட்டுவிட்டு, கோடுகள்தான் புது டிசைன் என்று அட்டையில் ஓட்டை போட்டார். அட்டையில் இருப்பதை எதிர்க்கேள்வி கேட்காமல் நெய்வது தறியின் தர்மம். மாதிரித் துண்டின் கரையில் கிறுக்கல் ஜரிகையாக மின்னியது.

வெள்ளிக்கிழமை, பிழைப்பு போயிற்று என்று அந்தத் துண்டோடு பாய் கடையில் உட்கார்ந்திருந்தார். சேலை எடுக்க வந்த அஞ்சனா ஆதிமனிதர்களைப் பற்றி ஆராய்கிறவர். துண்டைப் பார்த்தவர், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தென்னாப்பிரிக்கக் குகையில் கிடைத்த காவிக்கல். அதன்மேல் அதே குறுக்குக் கோடுகள்.

“எழுபதாயிரம் வருஷப் பழசு பாய். மனுஷ மூளையில கற்பனை வந்துட்டதுக்கு இது சாட்சின்றாங்க.”

“அட போம்மா. கல்லு கீறுதான்னு பாத்துக்கினு இருந்திருப்பான்.”

“அப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க. சண்டை இன்னும் முடியல.”

சண்டை முடியும்வரை ராமராஜன் காத்திருக்கவில்லை. “எழுபதாயிரமா! இத்தினி நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்த பாய்? இதே மாதிரி, ஆனா இது மாதிரி இல்லாம, இன்னும் ஏழு குடு. திங்கக்கெழம.”

பிழைப்பு தப்பியது. வீட்டுக்கு வந்து புதுத் தாளை விரித்தார். வேண்டுமென்றே இழுத்த கோடுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையில் நின்றன. கண்ணை மூடி இழுத்தார். மாங்காய் வந்தது.

டீ கொண்டுவந்த மனைவி ஜோஹரா எட்டிப் பார்த்தார். “இன்னாங்க, பேனா ஓடலியா?”

“ஓடுது. அந்தக் கொகைக்காரன யாரும் திங்கக்கெழமன்னு சொல்லி நெருக்கல, ஜோஹரா.”

டீயைக் குடித்துவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டு, பேனா ஓடுகிறதா என்று ஓரத்தில் இழுத்துப் பார்த்தார்.