கலர் டேப் சுற்றிய சாவிகள்

அன்று தென்னந்தோப்பில் இருந்தவர்கள்: முதலாளி. முதலாளியின் வீட்டம்மா. சமையல்காரர். டிரைவர், அதாவது நான். வேறு ஆள் இல்லை. கிணத்துக்கடவு தாண்டி, பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண் தடத்தில் இருந்தது தோப்பு. தோப்புக்காரர் இடத்தைக் காட்டிவிட்டு முந்தின நாளே போய்விட்டார்.

முதலாளிக்குச் சூலூர்ப் பக்கம் மோட்டார் பம்புக்கு உதிரி செய்கிற பட்டறை. அதை மகன் கையில் விட்ட பிறகு அவருக்கு ஊர் சுற்றுகிற ஆசை வந்தது. லாட்ஜில் தங்க மாட்டார். ரூம் சாவி ஒன்று நம் கையில் இருந்தால் இன்னொன்று அவன் ஆபீஸில் இருக்கும் என்பார். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற இடத்தில் சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுக்கிற மாதிரி ஒரு வீட்டு வண்டி கட்டிக்கொண்டார். உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்கிற அறை, ஏசி எல்லாம் உண்டு. பார்த்தவர்கள் கேரவன் என்றார்கள். டீக்கடையில் நிறுத்தினால் நாலு பேர் கூடி, உள்ளே எந்த நடிகை என்று கேட்பார்கள். சமையல்காரர் கரண்டியோடு இறங்கி, நான்தானுங்க என்பார்.

வண்டியில் ஐந்து பூட்டு. ஏறுகிற கதவு, சமையல் சாமான் வைக்கிற வெளிக்கதவு, கேஸ் சிலிண்டர் பெட்டி, ஜெனரேட்டர் பெட்டி, கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டி. கூடு கட்டுகிறவர்கள் தாங்களே பூட்டுப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. போடுகிறவனிடம் ஒரு சாவி தங்கிவிடும் என்றார். தாமே கோயமுத்தூர் போய் மூன்று கடையில் பிரித்துப் பிரித்து வாங்கி வந்தார். எந்தக் கடைக்காரனுக்கும் எல்லாப் பூட்டும் தெரியக்கூடாது என்பது அவர் யோசனை. பூட்டோடு வந்த இரண்டாவது சாவிகளை வீட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டார். கைக்கு வந்த ஐந்தும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் தலையிலும் வயரிங் டேப் சுற்றினார். ஏறுகிற கதவுக்குச் சிவப்பு, அது அவர் அரைஞாண் கயிற்றில். கட்டிலடிப் பெட்டிக்குப் பச்சை, அது அம்மாவின் முந்தானை முடிச்சில். சமையலுக்கு நீலம், சிலிண்டருக்குக் கறுப்பு, இரண்டும் சமையல்காரரிடம். ஜெனரேட்டருக்கு மஞ்சள். அது என்னிடம். ஒருவன் சாவி இன்னொருவன் கையில் அரை நிமிடம்கூட இருக்கக்கூடாது. நான் ஒருநாள் சமையல்காரருக்காகச் சிலிண்டர் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்தேன். அதற்கு முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோதே ஒன்று கவனித்துவிட்டேன். சாதாரணமாக என்னை வாப்பா, போப்பா என்பார். சந்தேகம் வந்தால் மரியாதை கூடிவிடும். டிரைவரே என்பார். இன்னும் கூடினால் டிரைவர் சார். எனக்கு முன்னால் இருந்த டிரைவரை அவர் சார் என்று கூப்பிட்ட மறுவாரம் அந்த ஆள் வேலையில் இல்லை. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே போதுமாக இருந்தது. சூலூரில் அப்புறம் அந்த டிரைவருக்கு யாரும் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. கை சுத்தமில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் டிரைவர் வேலையில் அத்தோடு சரி. என்னிடம் இருந்ததும் அந்தப் பெயர் ஒன்றுதான். படிப்பு இல்லை, நிலம் இல்லை.

தோப்புக்கு வருவதற்கு எட்டு மாதம் முன்னால் ஒரு பயணத்தில் அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமல் போயிருந்தது. அவிநாசித் தேருக்குப் போய்த் திரும்பியபோது கட்டிலடிப் பெட்டியில் அது இல்லை. அம்மாவின் தாயார் கொடுத்தது. பெட்டி பூட்டியபடி இருந்தது, கதவும் பூட்டியபடி இருந்தது. முதலாளி யாரையும் திட்டவில்லை. வண்டியை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கதவின் உள்கொக்கியை யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்றார். பெட்டிச் சாவிக்கு யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள் என்றார். யாரோ என்றால் இரண்டு பேர். சமையல்காரரும் நானும். ஊருக்கு வந்ததும் அந்த உள்கொக்கியைக் கழற்றச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு உள்ளிருந்தாலும் வெளியிலிருந்தாலும் சாவி போட்டால்தான் கதவு திறக்கும்.

சமையல்காரரை நானும் சந்தேகப்பட்டேன். அவர் பையை இறுக்கிக் கட்டினால் ஏன் கட்டுகிறார் என்று தோன்றும், தளர்த்தினால் எதை எடுத்தார் என்று தோன்றும். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார். சிமிழ் போன பிறகு ஒரே தட்டில் பொரி தின்கிற பழக்கம் எங்களுக்குள் நின்றுவிட்டது. இத்தனைக்கும் முதலாளிக்கு ஆளைச் சோதிக்கிற வழக்கம் உண்டு. கைக்கடிகாரத்தை ஜீப் சீட்டில் மறந்த மாதிரி வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று பார்ப்பார். சிமிழும் அப்படியொரு சோதனையோ என்றும் ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. யாரிடம் சொல்வது?

தோப்பில் அன்று காலை சமையல்காரர் பால் வாங்கப் போனார். முதலாளி மலைக்கோயிலுக்கு ஆட்டோவில் போனார். ஜீப்பை எடுக்கச் சொல்லவில்லை. நான் காவலுக்கு இருக்க வேண்டும் என்றார். அம்மா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் நடமாடுகிற தடம் என்று முதலாளி வெளியே பூட்டிச் சிவப்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கோயிலில் போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம்.

நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்து முடித்து, உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார்கள்.

"டிரைவரே, கேஸு வாசம் அடிக்குதுங்க."

மண் தடத்தில் குலுங்கி வந்ததில் அடுப்பில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் கழன்றிருந்தது. இது பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது வாசம் மட்டும். சுவிட்சைத் தொடாதீங்க, ஜன்னலைத் திறந்து முகத்தை அங்கே வையுங்க என்றேன். வைத்தார்கள். சின்ன ஜன்னல், அதிலும் கம்பி. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன், அணைந்திருந்தது. சமையல்காரர் போன் உள்ளே சார்ஜில் கிடந்து அடித்தது. கதவை ஜாக்கி ராடால் நெம்பலாம். இரும்பில் இரும்பு பட்டால் பொறி வரும். சிலிண்டரை மூடினால் போதும், ஆனால் அந்தப் பெட்டியும் பூட்டு. அம்மா இருமிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் இருமல் நின்றது. ஜன்னலில் இருந்த கையும் கீழே போய்விட்டது.

என்னிடம் இருந்தது மஞ்சள் டேப் சாவி ஒன்று. அதைச் சிலிண்டர் பெட்டியில் போட்டேன். திறக்கும் என்று நினைத்துப் போடவில்லை. கையில் வேறு ஒன்றும் இல்லை, அதனால் போட்டேன். திரும்பியது. சிலிண்டரை மூடினேன். அதே சாவியோடு கதவுக்கு வந்தபோதுதான் ஒரு கணம் நின்றேன். இது திறந்துவிட்டால் என் கதி என்ன என்று எனக்குத் தெரிந்தது. திறக்காவிட்டால் அம்மாவின் கதியும் தெரிந்தது. போட்டேன். அதுவும் திரும்பியது.

அம்மா ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்த நிலையில் இருந்தார்கள். தூக்கி வந்து தென்னை நிழலில் விட்டேன். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார்கள். கொஞ்சம் வாந்தி எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமுங்க என்றேன். கையால் வேண்டாம் என்றார்கள்.

முதலாளி திருநீற்றோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். அவர் முதலில் அம்மாவைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சிவப்புச் சாவி அங்கேயே இருந்தது.

"ஏனுங்க டிரைவர் சார், இந்தக் கதவ யாருங்க தொறந்தது?"

"நானுங்க. உள்ள கேஸு நெறஞ்சுபோச்சுங்க. ஜெனரேட்டர் சாவியப் போட்டுப் பாத்தனுங்க, தொறந்துபோச்சுங்க."

அவர் என் கையில் இருந்த மஞ்சள் டேப்பைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் போட்டுப் பாத்தீங்களாங்க?"

இன்றைக்குத்தான் என்றேன். வேறென்ன சொல்வது? செய்த ஒன்றுக்குச் சாட்சி காட்டலாம். செய்யாத ஒன்றுக்கு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது? பால் கேனோடு வந்த சமையல்காரர் எல்லாவற்றையும் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். அப்ப அந்தச் சிமிழு, என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எட்டு மாதமாக இரண்டு பேர் சுமந்ததை என் ஒருவன் தலையில் இறக்கி வைத்தாயிற்று.  நான் பேசினால் நாக்கு தடுமாறும், தடுமாறினால் முதலாளி அதையும் பார்ப்பார். மறுவாரம் சூலூரில் என்ன பேச்சு நடக்கும் என்று மனதுக்குள் ஓடியது. எனக்கு முன்னால் இருந்த டிரைவர் இப்போது சந்தைக்குக் காய் மூட்டை தூக்குகிறார். அவர் நிஜமாகவே எதையாவது எடுத்தாரா என்று அன்றுதான் முதல்முறை யோசித்தேன்.

அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். சமையல்காரரிடம் கை நீட்டி நீலச் சாவியை வாங்கினார்கள். கதவில் போட்டார்கள். திறந்தது. கறுப்பைப் போட்டார்கள். திறந்தது. சமையல்காரர் பால் கேனை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு அம்மா தம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். பச்சைச் சாவி. அதுவும் திறந்தது. அந்தக் கதவுக்கு உள்பக்கமும் சாவித்துளை உண்டு. இருமிக்கொண்டு ஜன்னலில் முகம் வைத்து நின்ற நேரமெல்லாம் அந்தச் சாவி அவர்கள் முடிச்சிலேயே இருந்திருக்கிறது. 

அம்மா நகத்தால் டேப்பை உரித்தார்கள். அடியில் எண் குத்தியிருந்தது. ஒவ்வொன்றாக உரித்து ஜீப் பானட்டின்மேல் வைத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே எண். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போடுகிற ஒரு கம்பெனிச் சரக்கைத்தான் மூன்று கடையும் வாங்கி விற்றிருக்கின்றன. அடையாளத்துக்கு என்று அவர் சுற்றிய டேப் அந்த எண்ணை மறைத்துவிட்டது.

"மூணு கடையில வாங்கினனே," என்றார் முதலாளி. எங்களிடம் சொல்லவில்லை. சந்தேகம் வந்த நேரத்தில் அவர் பேச்சில் ங்க விழாமல் நான் கேட்டது அன்றுதான்.

அம்மா அவர் இடுப்பைக் காட்டினார்கள். "உங்குளுதையும் குடுங்க." அவர் கொடுக்கத் தயங்கினார். கொடுத்தார். சிவப்பை எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்க் கட்டிலடிப் பெட்டியில் போட்டார்கள். பெட்டி திறக்கிற சத்தம் வெளியே கேட்டது. வந்து படியில் உட்கார்ந்தார்கள்.

"நான் உசுரோட இருக்கறனான்னு நீங்க கேக்கலீங்க. போச்சாது, அது கெடக்கட்டும். சிமிழ எடுத்தவங்க ரெண்டு பேருல ஒருத்தருன்னு சொல்லீட்டு இருந்தீங்களே, அதத் திருத்திக்கங்க. என்னையச் சேத்துக்கங்க. உங்களையுஞ் சேத்துக்கங்க."

 முதலாளி கோயில் பிரசாதத்தை அம்மா கையில் வைத்தார். வைத்த கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். கேஸுக்கா, பேச்சுக்கா, கண்டுபிடிக்கப்பட்டதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாள் அவர் எங்களைப் பார்த்த பார்வைதான் அது. இப்போது என் கண்ணில் இருந்தது.

என்னை அனுப்பவில்லை. ஒருவரை அனுப்பினால் எல்லாரையும் அனுப்ப வேண்டியிருக்கும். அடுத்த பயணத்துக்கு முன்னால் கதவில் புது உள்கொக்கி மாட்டினார். பூட்டுகளை மாற்றவில்லை. புது டேப் வாங்கி, அதே கலரில், அதே சாவிகளுக்குத் திரும்பவும் சுற்றி அவரவரிடம் கொடுத்தார். நாங்களும் அவரவர் கலரைப் பார்த்து வாங்கிக்கொண்டோம். எந்தச் சாவி எதற்கு என்று பழையபடியே நடந்தோம். என்னை மறுபடியும் வாப்பா, போப்பா என்றார். டிரைவர் சார் என்று அதன் பிறகு ஒரு நாளும் கூப்பிடவில்லை. எனக்கு அது போதும்.

போன வருஷம் முதலாளி தவறிவிட்டார். வண்டி பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி நிற்கிறது. வாரம் ஒருமுறை போய்க் காற்று அடித்து, ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு வருகிறேன். சமையல்காரர் சூலூரில் மெஸ் வைத்திருக்கிறார். நான் சாப்பிடப் போனால் காசு வாங்க மாட்டார். ஆனால் கல்லாப் பெட்டியை லேசாக உள்ளே தள்ளி வைப்பார். நானும் கவனிக்காத மாதிரி இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன். அவர் பெண் நெற்றியில் குங்குமம் புதிதாக இருந்தால், அதை எதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

முதலாளியின் காரியம் முடிந்த பிறகு மகன், வீட்டு பீரோவைத் திறந்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே பத்திரங்கள், கைக்கடிகாரம், டேப் சுற்றாத இரண்டாவது சாவிகள். மகன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அம்மா அடித்தட்டு வரைக்கும் கையை விட்டுத் துழாவினார்கள். சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். சிமிழ் இல்லை.

நான் வண்டியைப் பார்க்கப் போகிற நாட்களில் அம்மா காபி கொடுத்துவிட்டு, எடுத்திருக்கக்கூடியவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். என் முன்னாலேயே என்னையும் எண்ணுவார்கள், தம்மையும் எண்ணுவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இறந்துவிட்டாரே என்று முதலாளியைக் கழிப்பதில்லை.

நாலு பேர்.