ஹாரோ மலைக்கு ஒரு நேர்த்தி

எங்கள் கிங்ஸ்பரி வீட்டின் மாடி ஜன்னலில் நின்றால் ஹாரோ மலையும், உச்சியில் தேவாலயக் கோபுரமும் தெரியும். அந்த மேட்டை மலை என்பதே இங்கிலாந்துக்காரரின் துணிச்சல். தட்டையான யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் நையாண்டி பண்ணக் கூடாதுதான்.

நூலகத்தில் அந்த மலைக்கிராமத்தின் கதையைத் தேடி வாசித்தேன். அடிவாரமெல்லாம் களிமண், மாரியில் வண்டிச்சில்லு புதையும். உச்சியில் மணல், காய்ந்த நிலம். அதனால்தான் சனம் மேலே குடியேறியது. கீழே புல்லும் வயலும். ரயில் வந்தபிறகு வீடுகள் கீழே பரவ, கிராமம் மேலே தனித்துப்போனது.

இதையெல்லாம் மனைவிக்குச் சொல்லி, "வாரும், ஒரு ஞாயிறு ஏறிப் பாப்பம்" என்பேன்.

"மலை எங்க ஓடப்போகுது? ஆறுதலாப் போவம்" என்பாள். ஷிப்ட், பிள்ளைகளின் வகுப்பு என்று ஞாயிறுகள் கழிந்தன.

2009 பிறந்தபோது அவளுடைய தம்பி போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அவனுடைய தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. ஒரு காலை அவள் ஜன்னலடியில் மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள்.

"தம்பி கோல் எடுத்தால், வெறுங்காலோட மலையேறி மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு நேர்ந்திட்டன்."

"அது வெள்ளைக்காரரின்ர கோயிலப்பா. தமிழ் விளங்குமோ?"

"ஊரில மடு மாதா கோயிலுக்குப் போகேக்க, நாங்கள் சைவத்தை வீட்டில விட்டிட்டே போனனாங்கள்?"



மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. அகதி முகாம்களிலிருந்து வந்தவர்களிடம் விசாரித்தோம். கண்டவர் ஒருவரும் இல்லை.

அந்தக் கோடையில், அவள் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று, "சும்மா காத்து வாங்க மலைக்குப் போவமே" என்றேன்.

"கேட்டது கிடைக்க முந்தி ஏறினால் நேர்த்தி முடிஞ்சுபோகும். பிறகு அவனுக்கெண்டு என்னட்ட ஒண்டும் மிச்சமில்லை."

அதன்பின் நான் கேட்டதில்லை. தனியே ஏறவும் மனம் வரவில்லை. அந்தக் கிராமத்தின் மண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன், அதில் ஒருநாளும் கால் வைக்கவில்லை. அந்தப் பழைய ஞாயிறுகளில் ஒன்றிலாவது அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். அப்போது அது வெறும் மலையாக இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கமுள்ள சவுத் ஹாரோவுக்குப் போவதென்றால், மலைமேல் ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு, சுற்றிப் போகும் பஸ்ஸுக்கு இன்றும் நிற்கிறோம். ஒருநாள் மழையில் நனைந்தபடி நின்றபோது அவள் முகத்தைப் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னாள்.

"அவன் கோல் எடுக்கட்டும். செருப்பைக் கழட்ட எனக்கு எவ்வளவு நேரம்?"