கல்லில் இருக்கும் பெயர்

எங்கள் நகராட்சி அலுவலகக் கட்டடத்துக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, அதன் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் பதிவறை எழுத்தர். மாடிப்படிக்குக் கீழே கரப்பான்களோடு குடித்தனம் நடத்துகிறவன். பழைய காகிதமெல்லாம் என்னிடம் இருப்பதால் வரலாறும் என்னிடம்தான் இருக்கும் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். அந்த வரலாற்றில் சேர்க்க முடியாமல் போன ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துப்புரவுப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். ஆணையர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் அக்கா. முப்பது வருடமாக ஏழு மணிக்கு வருவார். மன்றக் கூடத்தின் பெஞ்சுகள், படிக்கட்டு, கடைசியில் வாசலில் பதித்த கல். இந்தக் கட்டடத்தின் மணிக்கூண்டைக் கட்டும்போது விழுந்து இறந்த கொத்தனாரின் நினைவுக் கல் அது. அதைத் துடைக்க மட்டும் தனித் துணி வைத்திருந்தார். ஏதோ பக்தி என்று நாங்கள் கேலி பேசியிருக்கிறோம். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒருநாள் பதிவறை வாசலில் வந்து நின்றார். "சார், விழாவுக்குப் புதுக் கல்லு வைக்கறாங்களாமே. அதுல பேர மாத்த முடியுமா?"

"எதுக்குக்கா?"

"விழுந்து செத்தது எங்கப்பா சார். கல்லுல இருக்கறது பக்கத்து வீட்டுச் சித்தப்பா பேரு."

அந்தக் காலத்துக் கட்டட வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவனால் வர முடியாத நாளில், ஓய்வில் இருக்கும் இன்னொருவன் போய் அவன் பெயருக்கு 'இருக்கேன்' என்று குரல் கொடுப்பான். இடம் பறிபோகாது. மேஸ்திரியும் கண்டுகொள்ள மாட்டார். சித்தப்பாவின் மனைவிக்குப் பிரசவ வலி கண்ட நாளில் அக்காவின் அப்பா அப்படித்தான் போனார். மத்தியானம் சாரம் சரிந்தது. ஆள் மாறியது தெரிந்தால் தன் தலை உருளும் என்று பயந்த மேஸ்திரி, பதிவேட்டில் இருந்த பெயரையே செத்தவன் பெயராகச் சொல்லி எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். அக்காவின் அம்மா நகராட்சிக்கு வந்து அழுதபோது, "உன் புருஷன் அன்னிக்கு வேலைக்கே வரலையேம்மா" என்று பதிவேட்டைத் திறந்து காட்டினார்களாம். அப்போது அக்காவுக்கு ஒன்பது வயது.

நான் அந்த வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். சித்தப்பா பெயருக்கு நேரே டிக். அப்பா பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை'. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் 'நின்றுவிட்டார்' என்று பெயரையே அடித்திருந்தார்கள். இந்தப் பொய்யைத்தான் பூச்சி அரிக்காமல் மருந்து போட்டு இத்தனை வருடம் காத்து வந்திருக்கிறேன்!

பதிவேட்டோடு போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. "அந்தச் சித்தப்பா உயிரோட இருந்தா ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. போதும்" என்றார்.

உயிரோடுதான் இருந்தார். நானும் அக்காவும் போனோம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கட்டிலோடு கிடந்தவர் அக்காவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "அவன் போனான், நான் இருக்கேன். அந்தத் தெருப் பக்கமே நான் தலைவச்சுப் படுத்ததில்லம்மா" என்று குழந்தைபோல அழுதார். எழுதித் தரவும் பேனா கேட்டார்.

மகன்தான் குறுக்கே வந்தார். அன்று பிறந்த அதே மகன். "அக்கா, அப்பா பேருதான் கல்லுல செத்துப்போச்சே. சின்ன வயசுலயே இறந்துபோன பெரியப்பா பேர்லதான் இவர் இத்தனை நாள் பொழச்சார். வீட்டுப் பத்திரம், என் சர்டிபிகேட், என் பொண்ணு வேலைக்குக் குடுத்த பேப்பர், எல்லாத்துலயும் அந்தப் பேருதான். இப்ப இவர் வாயத் திறந்தா நாங்க எல்லாரும் யாரு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரையாவது திட்டலாம் என்றால் ஆளே இல்லை. அக்கா பெரியவரின் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி மூடினார். "வேணாம் சித்தப்பா, விடுங்க" என்றார். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வரலாற்றில் நான் 'ஒரு கொத்தனார் உயிரிழந்தார்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அச்சாகி வந்தபோது, விட்டுப்போயிற்று என்று நினைத்து யாரோ அக்கறையாகப் பெயரைச் சேர்த்திருந்தார்கள்.

விழா அன்று காலை புதுக் கருங்கல் பளபளத்தது. பொன்னிற எழுத்தில் அதே பெயர். அந்த மாதத்தோடு அக்காவுக்கு ஓய்வு. விஷயம் தெரியாத புது ஆணையர் அவசரமாக வந்து, "கல்ல நல்லாத் தொடச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

அக்கா துணியை உதறி மடித்தார்.

"முப்பது வருஷமாத் தொடைக்கிறேன் சார். ஒரு எழுத்துகூட அழியல."