வயர்மேன் அணைத்த விளக்கு

பிரேக்கம்மாவுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாட்களில் புருஷனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் ஏறத் தொடங்கினால் "நீங்க" வரும். உச்சிக்குப் போனால் "சார்" வரும். "சார்" காதில் விழுந்ததும் அவன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போகச் செருப்பைத் தேடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை செருப்பையும் அவள் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

பிரேக்கம்மா என்பது தெரு வைத்த பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவளுடைய பழைய காரில், ஓட்டுபவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் அடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். பெயர்ப்பலகை கிடையாது. ஒரே கார், ஒரே ஆசிரியை. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிளட்சை விடச் சொன்னால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். யாரையும் அவள் திட்டியதில்லை. முகத்தில் சிரிப்பு இருக்கும், கால் மட்டும் பிரேக்கை நசுக்கிக்கொண்டிருக்கும். பகல் முழுக்க விழுங்கிய கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் செரிக்கும்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். நானும் கற்றுக்கொடுக்கிறேனே என்று ஒரு நாள் கேட்டதற்கு, "நீ சொல்லிக் குடுத்தா எவன்மா வந்து படிப்பான்?" என்று முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு மனதில் ஆறாமல் கிடந்துதான் இந்தக் காரை வாங்க வைத்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்பார்கள். அந்த எரிச்சலில் எண்ணெய் மாற்றுவதில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தானே செய்யப் பழகிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் என்று அவர்கள் தேடிய ஆள் வயர்மேன். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் ஃப்யூஸ் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கை சுத்தம், வேலை சுத்தம். குறை ஒன்றே ஒன்று. உலகத்தில் எது கெட்டாலும் அதற்கு வயர்தான் காரணம் என்று நம்புகிறவன். மாமியாருக்கு முழங்கால் வலி வந்தபோது, "எங்கயோ லூஸ் கனெக்‌ஷன் அத்தை" என்று ஆறுதல் சொன்னவன்.

போன வாரம் கேபிள் சுருள்களை ஏற்றிக்கொண்டு போக அவளிடம் காரைக் கேட்டு வாங்கிப் போனான். வழியில் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. எரியக்கூடாத விளக்கு எரிகிறது என்றால் எங்கோ வயர் இரும்பில் படுகிறது. அவன் தொழில் அவனுக்கு அப்படித்தான் சொன்னது. பானெட்டைத் திறந்தான். எஞ்சின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒரு வயர். அதைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. வயர் நுனியில் கறுப்பு டேப்பை அழகாகச் சுற்றி ஓரமாகக் கட்டிவிட்டுக் கிளம்பினான். இதையெல்லாம் ஒரு விஷயம் என்று வீட்டில் வந்து சொல்வானேன் என்று சொல்லவில்லை.

அந்த விளக்கு பொய் சொல்லவில்லை. எஞ்சினுக்குள் எண்ணெயை ஏற்றும் பம்ப் தேய்ந்துபோயிருந்தது. அந்த வாரம் முழுக்க எண்ணெய் அரைகுறையாக ஏறி, சனிக்கிழமை அவளிடம் கற்றுக்கொள்ள வரும் மருந்துக்கடைப் பெண் பாலத்தில் காரை ஏற்றிக்கொண்டிருந்தபோது அடியோடு நின்றது. கீழேயிருந்து யாரோ கரண்டியால் தட்டுவது போலச் சத்தம். பிரேக்கம்மா கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள். காரைக் கயிறு கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பானெட்டைத் திறந்தவளுக்கு, டேப் சுற்றிய நேர்த்தியைப் பார்த்ததுமே அது யார் கை என்று தெரிந்துவிட்டது.

"இதக் கழட்டினது யாரு சார்?"

"அது சும்மா எரிஞ்சிட்டு இருந்துச்சும்மா. எங்கயோ ஷார்ட் ஆகுதுன்னு..."

"சும்மா எரியலைங்க. உயிர் போகுது, காப்பாத்துன்னு கத்தியிருக்கு. நீங்க அது வாயில துணிய அடைச்சிட்டு வந்திருக்கீங்க."

"உடனே அணைஞ்சிடுச்சே?"

"பொணம்கூடத்தான் கத்தாது சார்."

இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எண்ணெய் இல்லாமல் ஓடிய அந்தக் கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் உள்ளே இரும்பும் இரும்பும் கடித்துக்கொண்டனவா, இல்லையா? கடித்திருந்தால் கார் இரும்புக் கடைக்குப் போகும். அவள் மறுபடி யாருக்காவது ரசீது எழுதப் போவாள். கடிக்கவில்லை என்றால் பம்பை மாற்றினால் போதும்.

ஞாயிறு காலையில் உதிரிபாகக் கடைக்காரர் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். ஆயில் பம்ப் என்றதும் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மெக்கானிக்க அனுப்புங்கம்மா. மாடல் தெரியாம குடுத்தா அப்புறம் நீங்கதான் அலையணும்."

"மெக்கானிக்தாங்க வந்திருக்கேன்," என்றாள். கார் மாடலையும் பம்பின் நம்பரையும் சொல்லி, கூடவே கேஸ்கெட்டும் ஃபில்டரும் கேட்டாள். அவர் எடுத்து வைத்ததைப் பெட்டியைப் பிரித்து, கியரை விரலால் சுற்றிப் பார்த்த பிறகே பையில் போட்டாள்.

வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட இடத்தில் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி அவள் காரின் அடியில் படுப்பதில்லை. நான்கு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்து, காரைத் தோளால் இடித்து அசைத்துப் பார்த்துவிட்டுக் கீழே நுழைந்தாள். பழைய எண்ணெயைத் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். கறுப்பு நடுவே ஜிகினா போல இரும்புத்தூள் மின்னினால் கதை முடிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னியது. நிம்மதி அடையவும் முடியவில்லை, தலையில் கை வைக்கவும் முடியவில்லை.

எஞ்சினுக்கு அடியில் தொட்டி மாதிரி தொங்கும் சம்ப்பைத் தனியாக இறக்க முடியாது. ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"கொஞ்சம் வந்து இதப் பிடிங்க. பிடிக்க மட்டும்தான். வேற எதையும் தொடக்கூடாது."

அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் இப்படி அருகருகே படுத்துக்கொண்டு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை.

சம்ப் இறங்கியது. பம்பைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு கியர்களும் விழப்போகிற பல் மாதிரி ஆடின. மூடியில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். அதை ஓரமாக வைத்துவிட்டு, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கைப் பிடித்திருக்கும் மூடிகளில் ஒன்றைக் கழற்றினாள். எஞ்சின் பிழைக்குமா என்பதற்குப் பதில் அங்கேதான் இருந்தது. பேரிங்கைத் துடைத்தாள். மெல்லிய கோடுகள் தெரிந்தன. குறுக்கே நகத்தை ஓட்டினாள். நகம் எங்கும் மாட்டவில்லை. கிராங்கிலும் ஓட்டினாள். வழவழவென்று போனது.

"என்னாச்சு? நல்லதா, கெட்டதா?"

"வாய மூடுங்க."

நல்லதுதான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு மூடியையும் கழற்றிப் பார்த்தாள். அதுவும் அப்படியே இருந்தது. ஆனால் ஓடவிட்டுக் காதால் கேட்காமல் எதையும் நம்புவதாக இல்லை.

மூடிகளைத் திரும்ப முறுக்கி, புதுப் பம்புக்குள் வாஸ்லினை அடைத்தாள். காலிப் பம்பை மாட்டினால் அது காற்றைத்தான் மெல்லும், எண்ணெயை இழுக்காது. பம்பை ஏற்றி, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையைக் கழுவிப் பொருத்தினாள். கை நிதானமாகத்தான் வேலை செய்தது. வாய்தான் நிற்கவில்லை.

"சாவி போட்டதும் அந்த லைட்டு எரியணும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையணும். என்கிட்ட வர்றவங்களுக்கு முத நாள் முத பாடமே அதுதான். நேத்து வந்த பொண்ணுக்குக்கூடத் தெரியும். இத்தன வருஷமா என்கூடக் குடும்பம் நடத்துறீங்க, உங்களுக்குத் தெரியல."

அவன் சம்ப்பை நெஞ்சின் மேல் தாங்கிக்கொண்டு யோசித்தான். குத்திக்காட்ட வேண்டும் என்றெல்லாம் இல்லை, நிஜமாகவே சந்தேகம்.

"அப்போ நான் வயரக் கழட்டின நாள்லேருந்து, சாவி போட்டா அது எரிஞ்சிருக்காதே. நீ பாக்கலையா?"

அவள் பார்க்கவில்லை. தினமும் பிறருக்குச் சொல்லிச் சொல்லி, தான் பார்ப்பதை நிறுத்தி எவ்வளவு காலம் ஆயிற்று என்றே தெரியவில்லை. பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். "அக்கா, அந்தச் செவப்பு லைட்டு இப்பல்லாம் வர்றதே இல்லியேக்கா?" என்று வியாழனோ வெள்ளியோ மருந்துக்கடைப் பெண் கேட்டாள். "நீ மொதல்ல ரோட்டப் பாரும்மா," என்று பிரேக்கம்மாதான் அவள் வாயை அடைத்திருந்தாள்.

"ஸ்பேனரக் குடுங்க."

சம்ப் போல்ட்டை வேகமாக முறுக்கினாள். இன்னும் கால் சுற்று போயிருந்தால் மரை போயிருக்கும். நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒவ்வொன்றையும் தளர்த்தி மறுபடி கை அளவாக முறுக்கினாள். அதுவரை கோபத்துக்குப் போக ஒரே வழிதான் இருந்தது, நேராகப் பக்கத்தில் படுத்திருந்தவன் மேல். இப்போது அது பாதி வழியில் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே குத்தியது. அதனால் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

எண்ணெய் ஊற்றியாயிற்று. புது ஃபில்டர் ஏறியது. டேப்பை உரித்து வயரைச் சுவிட்சில் மாட்டும் வேலையை அவனிடமே விட்டாள். மாட்டிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான், வேறெதையும் தொடவில்லை என்று. தீப்பொறி போகும் வயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எஞ்சின் பிடிக்காமல் சுற்றினால் போதும், முதலில் எண்ணெய் ஏற வேண்டும்.

சாவியைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. சுற்றினாள். அணையவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி சுற்றினாள். அணையவில்லை. பானெட் ஓரத்தில் நின்றவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். மறுபடி சுற்றினாள். விளக்கு மினுக்கியது. அணைந்தது.

வயரை மாட்டச் சொல்லி ஸ்டார்ட் செய்தாள். முதலில் கடகடவென்றது, பிறகு தணிந்தது. இறங்கி வந்து, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி மாற்றிக் கேட்டாள். கரண்டிச் சத்தம் எங்கும் இல்லை.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல. இதுக்குப் போயி..."

எஞ்சினை அணைத்தாள். "மருந்துக்கடைப் பொண்ணு என்கிட்ட கேட்டா. லைட்டு வரலியேன்னு. நான்தான் ரோட்டப் பாருன்னுட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்போ பாதித் தப்பு உன்..."

"பாதியெல்லாம் இல்லைங்க. உங்க தப்பு முழுசா உங்ககிட்டயே இருக்கு. இது வேற, என்னோடது. ரெண்டையும் கூட்டிக் கழிச்சு சமன் பண்ண வராதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வந்தீங்க."

அவன் எண்ணெய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கொல்லைப்பக்கம் நடந்தான்.

அவள் கையைக்கூடக் கழுவாமல் மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குக் காலைல கிளாசுக்கு வந்துடு. வண்டி ரெடி." பிறகு யாரையோ அதட்டுவது போன்ற குரலில் சொன்னாள்: "நீ அன்னிக்கு லைட்டப் பத்திக் கேட்டது சரி. நான்தான் கேக்கல."

 எதிர்முனையில் அந்தப் பெண் சொன்னாள்: "நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்க்கா."

"ஆமா, சொல்லியிருக்கணும். இனிமே நான் கத்தினாலும் சொல்லு."

"நீங்க கத்தவே மாட்டீங்களேக்கா."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து கேட்டுப் பாரு," என்று போனை வைத்துவிட்டு, புதுக் கேஸ்கெட்டில் எங்காவது கசிகிறதா என்று காரின் அடியில் குனிந்தாள்.