ஃபோம் அடைத்த அறையில் கரி நெருப்பு

இன்று காலை திண்டிவனத்தில், என் தங்கை மகன் வீட்டில்...

ஒருவர் கையில் டப்பாவை வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமெல்லாம் நுரை அடித்துக்கொண்டிருந்தார்.

ஃபோம் ஸ்ப்ரேயாம். அடித்த கொஞ்ச நேரத்தில் உப்பி, காய்ந்து, கல் மாதிரி ஆகிவிடுகிறது. ஏசி குளிர் வெளியே போகாதாம். அடுத்த மாதம் அவன் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அவளுக்கான அறை அது.

நான் கேட்டது ஒரே கேள்வி. "சாம்பிராணி போடுவீங்களாடா?"

"போடாம எப்படி மாமா? தலைக்கு ஊத்தினா கரி நெருப்புல போட்டுத்தானே ஆவணும்?"

"அப்ப அடைக்கறத நிறுத்து."

(கிழவனுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று அவன் மனைவி உள்ளே முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது.)

இந்த ஃபோம் எனக்குப் புதுசு இல்லை அம்மா. நாற்பத்தைந்து வருடமாகத் தெரியும்.

எண்பதாம் வருடம் வாக்கில் தங்கை புருஷன் ஐஸ் பிளான்ட்டுகளில் குளிர் அறை கட்டும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு மீன் ஐஸ் பிளான்ட் வேலை முடிந்து, மீதி ஃபோம் மருந்தை இரண்டு டின்னில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்போது ஸ்ப்ரே டப்பா கிடையாது. இரண்டு டின் மருந்தையும் கலந்து குச்சியால் கிண்டி ஊற்றினால், பொங்கிக்கொண்டு மேலே வரும்.

அது ஐப்பசி மழை. தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. திண்டிவனத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட வாடகை வீடு. சுவருக்கு மேல், ஷீட்டின் ஒவ்வொரு வளைவுக்குக் கீழேயும் ஈரக் காற்று சீறிக்கொண்டு வரும். பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது என்று அவள் மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை உள்பக்கம் சாக்கை அடைத்து, ஏணி போட்டு ஏறி, வெளியிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் அதை ஊற்றிவிட்டார். ஜன்னலையும் விடவில்லை. தெருவே வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனது.

அந்த அறைக்குள்தான் கரி நெருப்புச் சட்டி. தாயும் பிள்ளையும் குளித்ததும் சாம்பிராணி. பிறகு குளிருக்கு இதமாக அந்தச் சட்டி அங்கேயே இருக்கும், கதவைச் சாத்திவிடுவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? எல்லா வீட்டிலும் ஓட்டை இருந்தது.

நான் பார்க்கப் போனபோது தங்கை தோட்டத்துப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உள்ளே இருந்தால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது என்றாள்.

எனக்கு அப்போதே புரிந்தது. விழுப்புரத்தில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். காயிலில் பூசின வார்னிஷைக் காய வைக்க மூடின அறையில் கரி அடுப்பு வைத்து, நானே ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறேன். கரியிலிருந்து வரும் விஷக் காற்றுக்கு வாசனை கிடையாது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை. விழுந்து தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். மேலே நாலு வளைவையாவது பிரித்துவிடுங்கள் என்றேன்.

சிரித்தார். "ஐஸ் பிளான்ட்டையே அடைச்சிக்கினு இருக்கோம் மச்சான், இந்த ரூம்புக்கு நீங்க பாடம் எடுக்கறீங்க."

மாமியார் அதற்கு மேல். "புள்ள பெத்த ஒடம்பு சுத்தத்தான் செய்யும். நாங்க பெக்காததா?"

அடுத்த வாரம் கடைக்கு ஆள் வந்தது.

நான் போவதற்குள் குழந்தையை அடக்கம் செய்துவிட்டார்கள். தங்கை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

மதியம் பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிட்டாளாம், புரண்டு குழந்தைமேல் படுத்துவிட்டாளாம். மாமியார் சொன்னது அது. அப்படியானால் இவளுக்கு ஏன் நினைவு போனது என்று கேட்டேன். அதிர்ச்சி என்றார்கள். கதவைத் திறந்தபோதே அவள் நினைவில்லாமல்தானே கிடந்தாள், பிள்ளை போனதே தெரியாமல் அதிர்ச்சியா?

கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு வளைவாக அந்த மஞ்சள் கட்டியைப் பெயர்த்துக் கீழே போட்டேன்.

"சாவு ஊட்ல கூரைய இடிக்கிறான் பாரு!" என்று மாமியார் கத்தினார். மாப்பிள்ளை கீழே நின்று பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என் தங்கை அந்தப் பழியிலிருந்து தப்பியிருப்பாள்.

தங்கை நினைவு திரும்பி வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு அவள் பிள்ளையை அமுக்கினவள். கல்யாண வீட்டில் கைக்குழந்தையை அவளிடம் கொடுக்கமாட்டார்கள். அப்புறம் இந்த மகன் பிறந்தான். ஒரு வயது வரை அவனைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

இன்று இதையெல்லாம் அந்தக் கூடத்தில் நின்று சத்தமாகவே சொன்னேன். ஃபோம் அடித்தவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். தங்கை மகனுக்கு இதெல்லாம் வேறு கதையாகச் சொல்லப்பட்டிருந்தது.

மகனோடு இருக்கும் தங்கை கூடத்து ஓரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை கேட்டதைத் திரும்பவும் கேட்டேன். "நீ அமுக்கலன்னு இப்பவாவது நம்புறியா?"

கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "நம்பினா அவரு மேல கோவம் வரும் அண்ணா. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. நான் யார்கிட்ட போய் கோவிச்சிக்கறது? எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

இதை ஃபேஸ்புக்கில் எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதிக்கோ. அவரு பேரு போடாத."

போடவில்லை. அவள் கேட்டதால் மட்டும். என் இஷ்டமாக இருந்தால் போட்டிருப்பேன்.

பிரசவ அறையில் கரி நெருப்பு வைக்கும் வீடுகளில் கேட்கிறேன். காற்று போக எங்கே வழி வைத்திருக்கிறீர்கள்?

சொந்தக்காரர்களில் அன்று அந்தச் சாவு வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர் இதில் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். (லைக் வேண்டாம்.)

நேராக என் தங்கை இருக்கும் வீட்டுக்குப் போங்கள். நீ புரண்டு படுக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் அண்ணன் சொல்கிறான் என்று விட்டுவிடுகிறாள்.