யசோ அக்கா அனுப்பிய தேர்தல் காசு

யசோதரா அக்காவைப் பற்றி இங்கே சுவிசில், லோசான் நகரத் தமிழ்ச் சனம் ஆளுக்கொரு கதை கதைக்கிறது. காசுத் திமிர் என்கிறார்கள். அமெரிக்காவில் பிடிபட்ட ஆள் என்கிறார்கள். அவர்கள் வாயை என்னால் அடைக்க முடியாது. ஆனால் இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவர் படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறு முனையைப் பிடித்து மடித்தவள் நான். பெயர் அஞ்சலா, சொந்த ஊர் மன்னார், வாய் கொஞ்சம் நீளம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. கலியாணம் கட்டவில்லை. சண்டைக் காலத்தில் அவருடைய தங்கை காய்ச்சல் வந்து மருந்தில்லாமல் செத்துப்போனபோது மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று மிஞ்சியது. பிள்ளையின் தகப்பன் ஜெகதீஸ்வரன் அப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். அந்தப் பிள்ளைதான் யாதவி.

அவளை எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். எங்களுக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். பார்க்க ஆளில்லாத நாட்களில் அக்கா அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். உலர்த்தியிலிருந்து வந்த சூடான துவாய்க் குவியலுக்குள் பள்ளிக்கூட நேரம்வரைக்கும் படுத்திருப்பாள். மேலாளர் கண்டும் காணாததுபோலப் போவார். அவளுடைய பன்னிரண்டு வயதில் தகப்பன் அமெரிக்காவிலிருந்து வந்தார். விசா, வீடு, வேலை எல்லாம் சரிப்பண்ணிக்கொண்டு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் அக்கா வேலைக்கு வந்து நின்றார். லீவு எடுங்கோ அக்கா என்றேன். "வீட்டில இருந்து ஆரோட கதைக்கிறது?" என்றார்.

அதற்குப் பிறகு இருபது வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாதவி தொலைபேசி எடுத்தாள். படித்து வக்கீலானாள். கலியாணமும் செய்தாள், ஆனால் அங்கே ஒரு மண்டபத்தில் முப்பது பேரோடு முடித்துவிட்டுப் படம்தான் அனுப்பினாள். அக்காவுக்கு அது பெரிய வருத்தம். தாயின் அக்கா என்றால் தாய் முறை அல்லவா? அந்தக் கலியாணத்துக்கென்று பன்னிரண்டு வருடம் சேர்த்த இருபத்திரண்டாயிரம் பிராங்க் வங்கியில் அப்படியே கிடந்தது. "பிள்ளைப்பேறு வரட்டும், குடுப்பம்" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

பிள்ளைப்பேறு வரவில்லை, தேர்தல் வந்தது. யாதவி அவர்களுடைய மாநிலச் சட்டசபைக்கு நிற்கப் போவதாகச் சொன்னாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை, வேலையிடத்தில் எல்லாருக்கும் சொக்லேட் கொடுத்தார். எப்போது தேர்தல் என்று கேட்டேன். இன்னும் இருபது மாதம் இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வாக்குச்சீட்டு வருடத்துக்கு மூன்று நான்கு தரம் தபாலில் வீட்டுக்கு வரும். சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பி, கையெழுத்துப் போட்டு, திரும்பத் தபாலில் போட்டுவிட்டு வேலைக்குப் போவோம். இருபது மாதத்தில் நாங்கள் ஆறு தரம் வாக்களித்து முடித்துவிடுவோம்!

ஆனால் அந்த இருபது மாதம் அக்காவைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு முதலில் பதினைந்து நிமிடமானது, பிறகு ஐந்து நிமிடமானது, பிறகு நின்றுபோனது. பிள்ளை ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம் ஓர் அறைக்குள் கதிரையில் இருந்து, முன்பின் தெரியாத பணக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் காசு கேட்கிறாளாம். பக்கத்தில் ஒருவர் இருந்து நேரம் பார்ப்பாராம். ஊர்பேர் தெரியாதவனுக்கெல்லாம் எடுக்கிறவளுக்குத் தன்னை வளர்த்தவளுக்கு எடுக்க நேரமில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா என்னைத்தான் ஏசினார்: "விசர்க்கதை கதையாதை. அவள் என்ன பொழுதுபோக்குக்கோ இருக்கிறாள்?"

குரல் கேட்காத ஏக்கத்தில் அக்கா யாதவியின் தேர்தல் இணையப் பக்கத்துக்குப் போனார். அங்கே அவளைப் பற்றி எழுதியிருந்தது: தாயில்லாத பிள்ளை, தகப்பன் தனியாளாக நின்று வளர்த்தார். லோசான் இல்லை, சலவைப் பகுதி இல்லை, பெரியம்மா இல்லவே இல்லை. அதை அக்கா எனக்குக் காட்டினார். நான் வாயைத் திறக்கமுன், "எழுதிக் குடுக்கிற ஆக்கள் சுருக்கி எழுதியிருப்பினம்" என்று தானே சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் மின்னஞ்சல் கேட்டிருந்தது. பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டார்.

அதுதான் வினை. மறுநாள் தொடக்கம் யாதவியிடமிருந்து கடிதம் வரத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒன்று, சில நாளைக்கு மூன்று. ஆங்கிலத்தில் வருவதைத் தொலைபேசி தமிழில் மாற்றிக் கொடுக்கும். ஒரு நாள் சாப்பாட்டு அறையில் அக்கா முகம் வெளிறிப்போய் என்னிடம் நீட்டினார். "யசோதரா, நான் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். நாம் பின்தங்கிவிட்டோம். இன்று நள்ளிரவுக்குள் உதவி கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். யாதவி."

"பெரியம்மா எண்டு எழுதக்கூட நிதானம் இல்லாமப் போச்சுது பிள்ளைக்கு," என்றார் அக்கா. "பேர் சொல்லி எழுதியிருக்கிறாள் பார். எவ்வளவு கஷ்டமெண்டா அப்பிடி எழுதுவாள்?"

"அக்கா, இது எல்லாருக்கும் போற கடிதம். கொம்பியூட்டர் பேரைப் போட்டு அனுப்புது. யாதவி இதைக் கண்ணாலயும் கண்டிருக்க மாட்டாள்," என்று சிரித்தேன்.

"என்ர பேர் கிடக்கு, கடைசியில அவளின்ர பேர் கிடக்கு. இதென்ன கதை?"

நான் திரும்பவும் சிரித்துவிட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டேன். இருந்து விளங்கப்படுத்தியிருக்கலாம். எனக்கு ஆங்கிலம் தெரியும், கொழும்பில் ஏழு வருடம் ஒரு கம்பனிக் கந்தோரில் வேலை செய்தவள். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

அக்கா கலியாணக் காசை எடுத்தார். இணையப் பக்கத்தில் போட முயன்றபோது, அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரா என்று ஒரு கேள்வி வந்து வழியை மறித்தது. சுவிஸ் முகவரிக்குப் பொதி அனுப்பாத கடைகள் இல்லையா, அப்படி ஏதோ தடங்கல் என்றுதான் அக்கா நினைத்தார். அதற்கு எங்களிடம் வழி இல்லையா என்ன? முப்பது வருடமாக நாங்கள் ஊருக்குக் காசு அனுப்பிய வழிதான். இங்கே ஒருவர் கையில் கொடுப்போம், அங்கே அவருடைய ஆள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். உண்டியல் என்று சொன்னால் எங்கள் சனத்துக்குப் போதும். தாய்தகப்பனைக் காப்பாற்றிய வழி அது. அதில் என்ன களவு இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை.

யாதவி இருக்கும் நகரத்தில் அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி சிவநேசன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சிவநேசனின் சகோதரர் இங்கே சூக் நகரத்தில் இருக்கிறார். அக்கா ரயிலேறிப் போய் சூக்கில் காசைக் கொடுத்தார், அங்கே சிவநேசன் அதை எடுத்தார். ஓர் ஆள் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறதாம். மனுசன் கெட்டிக்காரத்தனமாக ஏழு பேருடைய பேரில் பிரித்துப் போட்டார். மனைவி, இரண்டு மகன்மார், கடையில் வேலை செய்கிற நான்கு பேர். யாதவிக்கு ஒன்றும் தெரியாது. வென்றபிறகு சொல்லலாம், பிள்ளை சந்தோசப்படுவாள் என்று அக்கா அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் காசு போய்ச் சேர்ந்தபிறகுதான் சொன்னார்.

யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை அங்கே எவரும் பார்க்கலாம். தேர்தலுக்கு ஆறு கிழமை இருக்கும்போது எதிர்க் கட்சிக்காரனின் ஆட்கள் பார்த்தார்கள். மரக்கறி அடுக்குகிற பொடியன்கள் ஒரே நாளில் உச்சவரம்புக் காசு கொடுத்திருக்கிறார்கள். ஒரு நிருபர் கடைக்குப் போய்க் கேட்க, பயந்த ஒருவன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். வெளிநாட்டுக் காசு அமெரிக்கத் தேர்தலுக்குள் போவது குற்றம். இன்னொருவர் பேரில் கொடுப்பதும் குற்றம். தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடத் தொடங்கியது: யாதவியை விலைக்கு வாங்கியது யார்? அந்த விளம்பரத்தை ஓடவிட்டது ஏதோ கமிட்டியாம். அதற்குக் காசு கொடுத்தவன் யாரென்று எவருக்கும் தெரியாது, அது சட்டப்படி சரியாம். கம்பனிக்காரன் கோடி கொட்டலாம், ஒரு பெரியம்மா கலியாணக் காசைக் கொடுத்தால் குற்றம். நாசமாய்ப் போக, கண்டறியாத தேர்தல்!

ஏழு மாதத்துக்குப் பிறகு யாதவியின் அழைப்பு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். பெயரைக் கண்டதும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். "பிள்ளை!" என்றார். மற்றப் பக்கத்தில் வக்கீல் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தபடியால் யாதவி ஆங்கிலத்தில் கதைத்தாள். தொலைபேசி என் கைக்கு வந்தது. எப்போது கொடுத்தீர்கள், எவ்வளவு, எனக்குத் தெரியாது என்பது உண்மைதானே என்று யாதவி கேட்டாள். நான் மொழிபெயர்க்க, அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். கடைசியில் அந்த வக்கீல் நன்றி சொல்லி வைக்கப் போகும்போது, யாதவி அவசரமாகத் தமிழில், "சாப்பிட்டீங்களோ பெரியம்மா?" என்றாள். அக்கா பதில் சொல்லமுன் தொடர்பு அறுந்துவிட்டது.

மூன்றாம் நாள் யாதவியின் அறிக்கை வந்தது. ஐரோப்பாவில் உள்ள தூரத்து உறவினர் ஒருவர் தனக்குத் தெரியாமல் செய்த தவறு, பணம் முழுவதையும் அரசாங்கத்திடம் கட்டிவிட்டோம் என்றிருந்தது. வாசித்துக் காட்டும்போது "தூரத்து" என்ற சொல்லை விட்டுவிட்டு வாசித்தேன். அக்கா அதைத் தொலைபேசியில் தானே தமிழில் மாற்றி ஏற்கெனவே பார்த்திருந்தார்.

அந்தக் கிழமையே அக்காவின் வீட்டுக்கு நிருபரின் அழைப்பு வந்தது. மரியாதையான குரல். நானும் அங்கே இருந்தேன். ஒரு கேள்விதான் என்றார் அவர். யாதவி சின்ன வயதில் சுவிசில் வளர்ந்ததாக யாரோ சொல்கிறார்களாம். அவளை வளர்த்தது நீங்களா?

ஓம் என்றால் அறிக்கை பொய்யாகிவிடும், பிள்ளையின் தேர்தல் அன்றோடு சரி. கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பி நின்றார். அதில் ஆறு வயது யாதவி முன்பல் இல்லாமல் சிரிக்கும் படம் காந்தத்தில் ஒட்டியிருந்தது.

"நான் இல்லையெண்டு சொல்லு," என்றார். "கொஞ்சநாள் இஞ்ச வந்து நிண்டவள். ஆர் வளத்ததெண்டு எனக்குத் தெரியாது. ரெண்டு மூண்டு தரம்தான் கண்டனான் எண்டு சொல்லு."

"அக்கா..."

"சொல்லடி!"

சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில், தடுமாறாமல் சொன்னேன். நிருபர் நன்றி சொன்னார். அக்கா நிலத்தில் அப்படியே குந்தி அழுதார். நானும் அழுதேன். மாதாவே, அப்படி ஒரு பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

யாதவி வென்றாள், நானூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில். சிவநேசனுக்குப் பெரிய அபராதம் விழுந்தது, அவர் இப்போது அக்காவோடு கதைப்பதில்லை. தேர்தல் முடிந்துவிட்டது, இனி எடுப்பாள் என்று அக்கா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். எடுத்தது ஜெகதீஸ்வரன். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்தப் பதவி ரெண்டு வருஷத்துக்குத்தான். அடுத்த எலெக்சனுக்கு இப்பவே காசு சேர்க்கத் தொடங்கிட்டாள். நீங்கள் கதைக்கிறது தெரிஞ்சா திரும்பக் கிளறுவாங்கள். கொஞ்சக் காலம் பொறுங்கோ." ரெண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல், ஒரு தேர்தலுக்கு இருபது மாதம். மிச்சம் எத்தனை மாதம் என்று நான் விரலில் எண்ணிப் பார்த்தேன், அக்காவுக்குச் சொல்லவில்லை.

போன மாதம் அக்காவுக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. எங்கள் ஆஸ்பத்திரியில்தான். முதல்நாள் தாதி படிவத்தோடு வந்து, ஏதும் நடந்தால் அறிவிக்க நெருங்கிய உறவு யார் என்று கேட்டாள். அக்கா பிரெஞ்சில், ஒருவரும் இல்லை என்றார். தாதி என் பெயரை எழுதிக்கொண்டு போனாள்.

"ஏன் அக்கா, யாதவியின்ர நம்பரைக் குடுத்திருக்கலாமே?" என்றேன்.

"எனக்கு ஏதும் நடந்தா இவையள் அங்க போன் அடிப்பினம்," என்றார் அக்கா. "எடுக்கிற ஆக்கள் அவளிட்டப் போய், இவ உனக்கு ஆரெண்டு கேப்பினம். பாவம் பிள்ளை, தூரத்துச் சொந்தமெண்டு இன்னொருக்கா அந்தப் பொய்யைச் சொல்ல வேணும்."